அறமா, ஒழுக்கமா, நீதியா? ஒரு சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். சிங்களக் கடிதம், ஆங்கிலப் படிவம், காணி உறுதி என்று எது வந்தாலும் தமிழாக்கிக் கொடுப்பேன். பின்னேரங்களில் மொழிபெயர்ப்பாளர் பரீட்சைக்குப் படிக்கிற சிலர் வீட்டு விறாந்தைக்கு வருவார்கள். 'மொராலிட்டி' என்ற சொல் வருகிற நாளில் பாடம் அதிலேயே நின்றுவிடும், தேத்தண்ணீரும் ஆறிவிடும். புதிதாக வருகிறவர்களும் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில் போட்டு வைத்திருக்கிறேன்.

மிஸ், மொராலிட்டிக்குத் தமிழில என்ன சொல்? ஒரே ஒரு சொல் சொல்லுங்கோ, எழுதிக்கொண்டு போறன்.

ஒரு சொல்லோடு அனுப்பிவைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் சிறுவர் கதையின் கடைசியில் வருகிற 'மொரல்' தமிழில் நீதி. ஒருவருடைய நடத்தையைப் பற்றிய பேச்சென்றால் ஒழுக்கம். மெய்யியல் பாடத்தில் அறம். 'மொரல் சப்போர்ட்' பத்திரிகையில் தார்மீக ஆதரவு ஆகும், வீட்டில் "நான் பக்கத்தில நிக்கிறன், நீ போ" ஆகும். மலேசியப் பள்ளிகளில் முஸ்லிம் அல்லாத மாணவர்கள் படிக்கும் பாடத்துக்கு அங்குள்ள தமிழர் வைத்த பெயர் நன்னெறிக் கல்வி.

ஆகவே சொல்லைப் பிடிக்கும் முன் வசனத்தைப் பிடியுங்கள். பரீட்சையில் சொல் மட்டும் தனியாக வந்தால் 'ஒழுக்கம்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

அறம், ஒழுக்கம் ரெண்டும் ஒண்டுதானே? ஏன் ரெண்டு சொல்?

ஒன்றல்ல. ஒழுக்கம் 'ஒழுகு' என்ற வினையிலிருந்து வந்தது. மாரி மழைக்குக் கூரை ஒழுகுகிறதே, அதே ஒழுகுதான். தண்ணீர் ஒரே தடத்தில் ஓடிக்கொண்டிருப்பது போல மனிதன் தொடர்ந்து ஒரு வழியில் நடப்பது ஒழுக்கம். ஒரு நாள் ஒருவருக்கு உதவியதை ஒழுக்கம் என்று யாரும் சொல்வதில்லை. அறத்தை 'அறு' என்ற வேரோடு சேர்த்துச் சொல்வார்கள்: வெட்டி, வரையறுத்து, இதுதான் என்று அறுதியிட்டது. ஒன்றில் ஓட்டம் இருக்கிறது, மற்றதில் எல்லை இருக்கிறது.

திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என்று மூன்றாகப் பிரித்தார். அதாவது நடத்தை, பிணக்கைத் தீர்ப்பது, தண்டிப்பது. அவர் கணக்கில் அறம் பெரிய பெட்டி, ஒழுக்கம் அதற்குள் ஒரு தட்டு. மற்ற இரண்டும் உலகத்தை ஒழுங்காக வைத்திருக்க மட்டுமே உதவும் என்பதால் வள்ளுவர் ஒழுக்கத்தையே அறமாக எடுத்துக்கொண்டார் என்றும் அவர் எழுதினார். நீதிமன்றத்துக்குப் பழந்தமிழில் அறங்கூறவையம் என்று பெயர். பெட்டி எவ்வளவு பெரியது என்று அதிலிருந்தே தெரிகிறது.

இன்னொரு வேடிக்கை. சங்க இலக்கணத்தில், வீட்டுக்குத் தெரியாமல் தலைவனும் தலைவியும் சந்திப்பதற்குக் களவொழுக்கம் என்று பெயர். திருட்டுத்தனமாகச் சந்திப்பதும் ஒழுக்கமாம்! சொல்லின் பழைய பொருள் 'நடந்துகொள்ளும் முறை' என்பது மட்டும்தான். நல்லது என்ற சாயம் பிறகு ஏறியது. இன்றைக்கும் அரச அலுவலகத்தில் 'ஒழுக்காற்று விசாரணை' என்றால் விதிப்படி நடந்தாரா என்று பார்க்கிறார்களே தவிர, ஆள் நல்லவரா என்று பார்ப்பதில்லை.

ஒழுக்கம் எண்டு எடுத்தாலே ஏன் பொம்பிளைப் பிள்ளையளப் பற்றின கதையா முடியுது?

நல்ல கேள்வி, எனக்கும் எரிச்சல் தருகிற கேள்வி. "ஒழுக்கம் கெட்டவன்" என்று ஒரு ஆணைச் சொன்னால், கடனைத் திருப்பிக் கொடுக்காதவன் என்று யாரும் நினைப்பதில்லை. பெண்ணைச் சொன்னால் கேட்கவே வேண்டாம். பெரிய சொல்லை ஊர் வாய் படுக்கையறை அளவுக்குச் சுருக்கிவிட்டது. ஆங்கிலத்திலும் 'இம்மொரல்' என்ற சொல் இதே சந்துக்குள்தான் புகுந்தது. இலஞ்சத்தைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும்போது 'ஒழுக்கக்கேடு' என்று நான் எழுதுவதில்லை. வாசிக்கிறவர் வேறு எதையோ தேட ஆரம்பித்துவிடுவார்.

இங்கிலிஸ் சொல்லுக்கு மூலம் என்ன? அதைப் பிடிச்சால் எல்லாம் விளங்குமே?

கொஞ்சம் விளங்கும், கொஞ்சம் குழம்பும். ஏனென்றால் அந்தச் சொல்லே ஒரு மொழிபெயர்ப்பு. இலத்தீனில் 'மோஸ்' என்றால் வழக்கம், பன்மையில் 'மோரேஸ்'. கிரேக்கர் 'ஏதிக்கொஸ்' என்று சொன்னதற்குத் தன் மொழியில் சொல் இல்லையே என்று உரோமப் பேச்சாளர் சிசரோ யோசித்து, 'மோராலிஸ்' என்று ஒன்றைப் புதிதாகச் செய்தார். கி.மு. 44இல் எழுதியதில், இலத்தீனை வளர்ப்பதற்காக இப்படிப் பெயர் வைப்பது தகும் என்று அவரே காரணமும் சொல்கிறார். சொல் கிடைக்காமல் தலையைச் சொறிந்துகொண்டு விறாந்தையில் இருக்கும் உங்களைப் போல ஒருவர்தான் அவரும்.

கிரேக்கத்தில் கதை இன்னும் அழகானது. அங்கே 'எதொஸ்' என்று குறிலில் சொன்னால் பழக்கம், 'ஏதொஸ்' என்று நெடிலில் சொன்னால் குணம். குணம் என்பது பழக்கத்திலிருந்து சின்ன மாற்றத்தோடு வந்த சொல் என்று அரிஸ்டோட்டில் சொன்னார். ஒரே பழக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் அது குணமாகிவிடும் என்பது அவருடைய வாதமும்கூட. ஆங்கில எழுத்தில் இந்தக் குறில் நெடில் வித்தியாசம் தெரியாது. தமிழில் ஒரு சுழிப்பு போதும்.

அதற்கும் முன்னால், ஹோமரின் காவியத்தில் 'ஏதொஸ்' என்பதன் பன்மை, குதிரைகள் வழக்கமாகப் போய் நிற்கும் இடங்களைக் குறிக்கிறது. இதை விளக்க நான் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியைக் காட்டுவேன். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரிகின்றனவே, வெயில் ஏறினால் அவை போய்ப் படுக்கிற நிழல் இருக்கிறதல்லவா? அந்த நிழல்தான் ஏதொஸ். எந்த உயிர் எந்த இடத்தில் தன் பாட்டில் போய் நிற்குமோ அந்த இடம். அங்கிருந்து மனிதனுடைய குணத்துக்கு வந்து, அங்கிருந்து 'எதிக்ஸ்' வரைக்கும் அந்தச் சொல் வந்து சேர்ந்திருக்கிறது.

அப்ப எதிக்ஸுக்கும் மொராலிட்டிக்கும் என்ன வித்தியாசம்?

பிறப்பில் ஒன்றுமில்லை. மேலே சொன்னபடி ஒன்று கிரேக்கம், மற்றது அதன் இலத்தீன் பிரதி. இப்போதைய பயன்பாட்டில் எதிக்ஸ் என்பது பெரும்பாலும் அதைப் பற்றிய ஆய்வு, அல்லது மருத்துவர், சட்டத்தரணி போன்ற தொழில்காரருக்கான விதிகள். முதலாவதற்கு அறவியல் அல்லது ஒழுக்கவியல் என்றும், இரண்டாவதற்கு ஒழுக்கநெறி அல்லது ஒழுக்கக் கோவை என்றும் எழுதுங்கள்.

சிங்களத்தில 'சதாசார' எண்டு இருக்கே. எங்களுக்கும் விளங்குற மாதிரித்தானே இருக்கு, அப்படியே போடலாமா?

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன். 'சதாசார' என்பது சத் + ஆசாரம், அதாவது நல்ல நடத்தை. பிரித்துப் பார்த்தால் விளங்கும். ஆனால் தமிழில் ஆசாரம் என்றதும் குளித்து முழுகிக் கோயிலுக்குப் போகிற துப்புரவுதான் ஞாபகத்துக்கு வருகிறது. சிங்களத்தில் 'ஆசார' என்றால் வணக்கம், மரியாதை.

சமஸ்கிருதமும் பாளியும் இரண்டு வீட்டுக்கும் ஒரே பாத்திரங்களைக் கொடுத்தன, நாம் வேறு வேறு கறி காய்ச்சினோம். சிங்களத்தில் 'நீதிய' என்றால் சட்டம், தமிழில் நீதி வேறு, சட்டம் வேறு. சிங்களத்தில் 'யுக்திய' என்றால் நீதி, தமிழில் யுக்தி என்றால் தந்திரம். நீதி கேட்டு ஊர்வலம் போனவர்கள் தந்திரம் கேட்டுப் போனதாக எழுதினால் எப்படி இருக்கும்? எல்லாவற்றிலும் மோசமானது 'சாதாரண'. சிங்களத்தில் அதற்கு நியாயமானது என்றும் பொருள் உண்டு, 'அசாதாரண' என்றால் அநியாயம்.

வேலைக்கு வந்த புதிதில், ஒரு அலுவலகத்துக்காக ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தை மொழிபெயர்த்தேன். தனக்குக் கிடைத்த இடமாற்றம் 'அசாதாரணய்' என்று ஒரு ஊழியர் சிங்களத்தில் எழுதியிருந்தார். நான் அவசரத்தில் 'அசாதாரணமான இடமாற்றம்' என்று தமிழில் போட்டுவிட்டேன். வாசித்த அதிகாரி, "இதில என்ன அசாதாரணம், வருசா வருசம் குடுக்கிறதுதானே" என்று கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டார். எழுதியவர் நேரில் வந்து கேட்டபோதுதான் பிழை என்னுடையது என்று தெரிந்தது. 'அநியாயமான' என்று எழுதியிருக்க வேண்டும். இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கண்டால் ஒரு தரம் நிறுத்தித்தான் தாண்டுகிறேன்.

மிஸ், நான் கிண்ணியா. எங்கட மௌலவி 'அஹ்லாக்' எண்டு சொல்லுவார். அதுதான் மொராலிட்டியா?

கிட்டத்தட்ட. ஆனால் வாசல் வேறு. 'ஹுலுக்' என்றால் குணம், அதன் பன்மை அஹ்லாக். வேர் 'ஹலக', படைத்தான் என்று பொருள். உடம்பின் படைப்பு 'ஹல்க்', உள்ளத்தின் அமைப்பு 'ஹுலுக்'. ஒரே எழுத்துகள், உயிரொலி மட்டும் மாறுகிறது. இலத்தீன் வழக்கத்திலிருந்து தொடங்கியது, அரபு படைப்பிலிருந்து தொடங்குகிறது.

வழக்கத்தின் வாசனை அரபியிலும் இல்லாமல் இல்லை. நன்மைக்கு வழங்கும் 'மஃரூஃப்' என்ற சொல்லின் நேர்ப்பொருள் 'அறியப்பட்டது', தீமைக்கு வழங்கும் 'முன்கர்' என்பது 'ஏற்க மறுக்கப்பட்டது'. எல்லோரும் நல்லதென்று கண்டுகொண்டது நன்மை என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பேச்சில் இன்னொரு செல்வமும் உண்டு. பிக்ஹு எனும் இஸ்லாமியச் சட்டத்தில் செயல்கள் சரி, பிழை என்று இரண்டாக மட்டும் நிற்பதில்லை. கட்டாயம் செய்யவேண்டியது, செய்தால் நல்லது, செய்தாலும் விட்டாலும் ஒன்று, விடுவது நல்லது, கூடவே கூடாது என்று ஐந்து படி. நாலாவது படிக்கு 'மக்ரூஹ்', ஐந்தாவதற்கு 'ஹராம்' என்று பெயர். "ஹராம் இல்ல, ஆனா மக்ரூஹ்" என்று சொல்லிவிட்டால் விசயம் முடிந்தது. இதை ஒரே சொல்லில் சொல்ல ஆங்கிலத்திலும் வழியில்லை, மற்றத் தமிழரிடமும் இல்லை. "அவ்வளவு நல்லாயில்லை" என்று இழுக்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒண்டுதான். அதுக்கு ஏன் எங்கட ஊரில இத்தனை பேர்?

சைவப் பிள்ளைகள் போவது அறநெறிப் பாடசாலை. பௌத்தப் பிள்ளைகள் போவது 'தஹம் பாசல'. தஹம் என்பது தம்மம் என்ற சொல்லின் சிங்கள வடிவம். முஸ்லிம் பிள்ளைகளுக்கு அஹதியா, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. முதலாவது அறத்தையும் வழியையும் சொல்கிறது, இரண்டாவது புத்தர் போதனையை, நாலாவது மறையை. அஹதியாவுக்குள் இருப்பது கிழமையின் பெயர்தான். அரபியில் ஞாயிறு 'அஹத்'. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும், வீண் பெருமை பேசாமல் வருகிற நாளை மட்டும் சொல்கிறது.

தர்மம் என்ற சொல்லையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 'த்ரு' என்ற வேருக்குத் தாங்கிப் பிடித்தல் என்று பொருள். பௌத்தத்தில் அது போதனை. தமிழ்த் தெருவில் அது பிச்சை: "அம்மா, தர்மம் போடுங்கோ." அறத்துக்கும் இதே கதை நடந்திருக்கிறது. இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறவனை 'அறவிலை வணிகன்' என்று புறநானூற்றிலேயே ஒரு புலவர் கிண்டல் செய்திருக்கிறார். ஆய் என்ற வள்ளல் அப்படிப்பட்டவன் அல்லன் என்று புகழ்வதற்காக.

சீனா, ஜப்பான் பக்கம் எப்படி?

சீனத்தில் 'தாவோதே'. தாவோ என்றால் வழி, தே என்றால் ஒருவருக்குள் இருக்கும் நற்சக்தி. நம் நன்னெறியில் உள்ள நெறியும் வழிதான், ஆகவே தமிழருக்கு இது அந்நியமாக இராது. ஜப்பானியர் அதே எழுத்துகளை 'தோதொகு' என்று வாசிக்கிறார்கள். அங்கே அது பள்ளிக்கூடப் பாடமும்கூட. 2018இல் ஆரம்பப் பள்ளிகளில் அதற்குத் தனிப்பாட நிலை கொடுத்தார்கள்.

எதிக்ஸுக்கு அவர்கள் வைத்த சொல் 'ரின்ரி'. அதன் முதல் எழுத்து மனிதருக்கிடையிலான உறவு முறையைக் குறிப்பது. தகப்பன் மகன், அண்ணன் தம்பி, நண்பர் என்று யாருக்கு யார் என்ன முறை என்பதிலிருந்து நல்லது கெட்டது தொடங்குகிறது. "முறை தெரியாம நடக்கிறான்" என்று நம் கிழவிகள் சொல்வதும் இதைத்தான்.

ஆபிரிக்க மொழியள்ல இதுக்குச் சொல்லே இல்லையாமே, உண்மையா?

அரைவாசி உண்மை. கானா நாட்டு மெய்யியலாளர் குவாமே ஜெக்யே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருடைய அக்கான் மொழியில் மொராலிட்டிக்கு நேர்ச் சொல் இல்லை, அந்த இடத்தில் 'சுபன்' என்ற சொல்லை வைத்துப் பேசுகிறார்கள். சுபன் என்றால் குணம். ஒருவன் கெட்டவன் என்பதை அவனுக்குக் குணமில்லை என்று சொல்வார்கள். யொருபா மொழியிலும் 'இவா' என்ற குணச் சொல்தான் நடுவில் நிற்கிறது, குணமே அழகு என்பது அவர்களுடைய பழமொழி. சுவாஹிலிக்காரர் 'மாஅதிலி' என்கிறார்கள், அரபியில் நீதியைக் குறிக்கும் 'அத்ல்' கடல் வழியாகப் போய்ச் சேர்ந்தது.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. "குணமான பிள்ளை" என்றுதான் நாமும் கலியாணத் தரகரிடம் சொல்கிறோம், "அறம் உள்ள பிள்ளை" என்று யாரும் கேட்டதில்லை. கிராம உத்தியோகத்தரிடம் வாங்கும் நற்சான்றிதழில் சிங்களத்தில் 'சரித்த' என்று நிற்கும். அதுவும் குணம்தான். தமிழில் சரிதை என்றால் வாழ்க்கை வரலாறு, மறுபடியும் அதே பாத்திரம், வேறு கறி.

சொல் இல்லையெண்டால் அந்தக் குணமும் இல்லையெண்டுதானே அர்த்தம்?

இல்லை. கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு எவ்வளவு, இழுத்தவருக்கு எவ்வளவு என்று மீன் பிரிக்கும்போது 'பகிர்வு நீதி' என்ற சொல் ஒருவர் வாயிலும் வராது. ஆனால் ஒரு பங்கு குறைந்தால் கரை முழுக்கச் சத்தம் கேட்கும்.

2019இல் வெளிவந்த ஒரு மானிடவியல் ஆய்வில் உலகின் 60 சமூகங்களைப் பற்றிய பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். உறவுக்கு உதவுவது, கூட்டத்துக்குத் துணை நிற்பது, பட்ட நன்றியைத் திருப்பிச் செய்வது, துணிவு, மூத்தோருக்குப் பணிவது, நியாயமாகப் பங்கிடுவது, அடுத்தவர் உடைமையைத் தொடாமலிருப்பது என்று ஏழு விசயங்கள். பேச்சு வந்த இடங்களில் கிட்டத்தட்ட எங்குமே இவை நல்லவையாகவே சொல்லப்பட்டிருந்தன. எதை எவ்வளவு தூக்கிப் பிடிப்பது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். பெட்டிக்குப் பெயர் இல்லாவிட்டாலும் உள்ளே சாமான் இருக்கலாம்.

மனச்சாட்சி எண்டு எல்லா மொழியிலயும் இருக்கா?

ஏதோ ஒன்று இருக்கும், குடியிருக்கும் இடம் மாறும். தமிழில் சாட்சி மனத்தில் இருக்கிறது, சிங்களத்தில் 'ஹுர்த சாக்ஷிய', அதாவது இதயத்தில். அரபியில் 'ளமீர்', ஒளிந்திருப்பது. இலத்தீனில் 'சேர்ந்து அறிதல்'. பிரெஞ்சில் சுயநினைவுக்கும் மனச்சாட்சிக்கும் ஒரே சொல்தான். மயங்கி விழுந்தவரைப் பற்றிய மருத்துவ அறிக்கையை மொழிபெயர்க்கிறவர் கவனமாக இருக்கவேண்டும்.

நேர்மை எண்டால் ஏன் 'நேர்'? வளைஞ்சால் என்ன பாவம்?

தமிழில் செங்கோல் நேராக நிற்கும், கொடுங்கோல் வளையும். ஆங்கிலத்திலும் 'ரைட்' என்ற சொல்லின் வேர் நேரானது, 'ரோங்' என்பதன் வேர் முறுக்கியது, கோணியது. தொடர்பில்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் ஒரே கோட்டைக் கீறியிருக்கின்றன. ஊர்ப் பெயரிலேயே கோணம் வைத்திருக்கும் நாங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மொழி மாறினால் ஒராளின்ர ஒழுக்கமும் மாறுமா?

கொஞ்சம் அசையும் போலிருக்கிறது. 2014இல் வெளிவந்த ஒரு ஆய்வில் பழைய புதிர் ஒன்றைக் கேட்டார்கள்: பாலத்தில் நிற்கும் ஒருவரைத் தள்ளிவிட்டால் ஓடிவரும் வண்டியிலிருந்து ஐந்து பேர் பிழைப்பார்கள், தள்ளுவீர்களா? தாய்மொழியில் கேட்டபோது தள்ளுவேன் என்றவர்களைவிட, பிறகு கற்ற மொழியில் கேட்டபோது அப்படிச் சொன்னவர்கள் கூட. கற்ற மொழியில் சொற்கள் நெஞ்சைத் தொடுவது குறைவு என்பது ஒரு விளக்கம். மூன்று மொழியில் வேலை செய்கிற எனக்கு இது புதினமில்லை. ஆங்கிலத்தில் "நோ" சொல்வது எனக்கு லேசு, தமிழில் அதே ஆளுக்கு "ஏலாது" சொல்லத் தொண்டை அடைக்கும்.

ஒழுக்கம் எண்டது வழக்கம்தான் எண்டால், கூடாத வழக்கத்தை என்ன செய்யிறது? சீதனமும் வழக்கம்தானே?

எல்லாக் கேள்வியிலும் கடினமானது இது. வழக்கத்திலிருந்து பிறந்த சொற்களுக்கு இந்த நோய் உண்டு. இலத்தீன் மோஸ், மஃரூஃப், நம் ஒழுக்கம் எல்லாவற்றுக்கும். உலகத்தோடு ஒட்ட ஒழுகத் தெரியாதவர் எவ்வளவு கற்றும் அறிவில்லாதவர் என்று வள்ளுவரே ஒழுக்கமுடைமை அதிகாரத்தில் சொல்கிறார். மேலே சொன்ன பரிமேலழகரோ ஒழுக்கத்தை வருணத்துக்கு வருணம் விதித்ததாக விளக்கினார். வழக்கத்தை அப்படியே சட்டமாக்கியதும் உண்டு. யாழ்ப்பாணத் தமிழர் வழக்கங்களைத் திரட்டி ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கியதற்குத் தேசவழமை என்றே பெயர், வழமை என்றால் வழக்கம். சீதனத்துக்கும் அதில் இடமுண்டு.

ஆனால் அதே வள்ளுவர் இன்னோரிடத்தில், மனத்தில் மாசில்லாமல் இருப்பதுதான் அறம், மற்றதெல்லாம் வெறும் ஆரவாரம் என்றார். அங்கே ஊரைக் கேட்கவில்லை. இதனால்தான் இரண்டு சொல் வைத்திருப்பது வசதி என்று நினைக்கிறேன். "வழக்கம்தான், ஆனால் அறமில்லை" என்ற வசனம் தமிழில் முட்டாமல் நிற்கிறது. சீதனத்தைப் பற்றி எழுத அந்த வசனம் போதும்.

கடைசியா ஒண்டு. 'லீகல், பட் நொட் மொரல்' எண்டு வந்தால் எப்படி எழுதுறது?

அறமன்று என்று எழுதினால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். ஒழுக்கமில்லை என்றால் மூன்றாவது கேள்வியில் சொன்ன வம்பு. நான் எழுதுவது: "சட்டப்படி சரி, ஆனால் நியாயமில்லை." போன மாதம் மூதூரிலிருந்து வந்த ஒரு பிள்ளை, "சட்டம் விடும், மனச்சாட்சி விடாது" என்று எழுதிக் காட்டினாள். மூலத்தில் மனச்சாட்சி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அது இல்லை மிஸ், ஆனால் அதைத்தானே சொல்லுறாங்க" என்றாள். முழுப் புள்ளி போட்டேன்.